விற்க முடியாத வீடு

"உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு" என்ற தொடரை நாம் அடிக்கடி கேட்கிறோம். தேர்தல் மேடையிலும் கேட்கிறோம், இரவுச் செய்தியிலும் கேட்கிறோம். கேட்டவுடன் பொலிஸ் காவலரணும் உயர்ந்த மதிலும், இப்போதென்றால் வாசலில் ஒரு கமெராவும்தான் மனதில் வருகின்றன. பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றால் படம் இன்னும் சுருங்கிவிடும். அவளோடு ஓர் ஆண் இருக்க வேண்டும்: வாப்பா, காக்கா, இல்லாவிட்டால் மாப்பிள்ளை. உடைமை ஒரு பேச்சு, பாதுகாப்பு வேறு பேச்சு என்றே பழகிவிட்டோம். பெண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்று முடிவுசெய்து, தலைமுறை தலைமுறையாக அதன்படியே வீடு கட்டி வாழும் ஒரு முஸ்லிம் சமூகம் இருக்கிறது. இந்தோனேசியாவின் மேற்கு சுமாத்திராவில் வாழும் மினாங்கபாவ் மக்களைத்தான் சொல்கிறேன்.

இந்தோனேசியா என்றால் எங்கள் ஊரில் பலருக்கு ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் கதைதான் நினைவுக்கு வரும். ஒரே நிறத்தில் உடுத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, வரிசை கலையாமல் தவாபு செய்யும் சிறிய உருவமான பெண்கள். அடுத்தது 2004 சுனாமி. அது அந்நாட்டுக் கடலில் கிளம்பித்தான் எங்கள் கரைக்கு வந்தது. இவற்றுக்கு அப்பால் அந்நாட்டைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. நானும் புவியியல் பாடத்துக்காக எரிமலைகளைத் தேடப்போய், வீடுகளில் வந்து நின்றவள்தான்.

மேற்கு சுமாத்திராவின் தலைநகரான பாடாங் கடலோர நகரம். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 150 கிலோமீற்றர் உள்ளே போனால் தெற்கு சோலோக் மாவட்டம் வரும். புக்கிட் பரிசான் மலைத்தொடரும், புலிகள் இன்னும் நடமாடும் கெரிஞ்சி செப்ளாட் காடும் சூழ்ந்த பகுதி அது. அங்கே சுங்கை பாகு என்ற பள்ளத்தாக்கில், வயல்களின் நடுவே கோத்தோ பாரு என்ற ஊர் இருக்கிறது. அதற்கு "ஆயிரம் பெரிய வீடுகளின் ஊர்" என்று ஒரு பெயர். எண்ணிப் பார்த்தவர்கள் நூற்றுக்குச் சற்று அதிகம் என்கிறார்கள். ஊர்ப் பெருமைக்குக் கணக்குத் தேவையில்லைதானே!

அவர்களது ஊருக்குப் பெயர் "நகரி". பள்ளிவாசல், சந்தை, ஊர் கூடிப் பேசும் மண்டபம், குளிக்கும் துறை, காணி, காடு எல்லாம் சேர்ந்தது ஒரு நகரி. சுஹார்த்தோ ஆட்சியில் வந்த 1979ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் நகரிகளைத் துண்டு துண்டாக்கி, நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் கிராமங்களை உண்டாக்கியது. இருபது வருடங்களின் பின்னர் மாகாணம் மீண்டும் நகரி முறைக்கே திரும்பியது. ஜகார்த்தாவில் இருந்துகொண்டு ஒரு மலைக்கிராமத்தின் எல்லையைக் கீறினால் இப்படித்தான் நடக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். "ரூமா கடாங்" என்றால் பெரிய வீடு. கூரையின் இரு முனைகளும் எருமைக் கொம்புபோல வானத்தை நோக்கி வளைந்திருக்கும். முற்காலத்தில் ஈஞ்சு போன்ற ஒருவகைப் பனையின் கறுப்பு நாரால் வேய்வார்கள். இன்று தகரம்தான் அதிகம். உள்ளே முன்பக்கம் முழுவதும் தடுப்பில்லாத நீண்ட மண்டபம். பின்பக்கம் வரிசையாக அறைகள். அந்த அறைகள் எல்லாம் பெண்களுக்குரியவை. வீட்டில் திருமணமான பெண்கள் எத்தனை பேரோ அதற்கேற்ப அறைகள். புதிதாகக் கல்யாணம் முடித்தவளுக்கு வரிசையின் முனையில் உள்ள அறை. அடுத்த தங்கைக்குக் கல்யாணம் வந்தால் அக்கா உள்ளே தள்ளிப் போய் அந்த அறையைக் கொடுக்க வேண்டும். வயது போகப்போக அடுப்பங்கரைப் பக்கம் நெருங்கலாம்!

ஆண் பிள்ளைகளுக்கு அறை கிடையாது. மறந்து விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், திட்டமே அதுதான். முன்பெல்லாம் ஏழெட்டு வயதானதும் பையன்கள் இரவில் சுராவுக்குப் போய்விடுவார்கள். சுராவ் என்பது தொழுகையும் குர்ஆன் ஓதலும் நடக்கும் சிறிய பள்ளி. அங்கேயே மார்க்கம் படித்து, சிலம்பம் போன்ற சிலாத் பழகி, அங்கேயே படுத்துக்கொள்வார்கள். மனைவியை இழந்த ஆண்களும் தலாக் ஆன ஆண்களும் அங்கேதான் வந்து சேர்வார்கள். வளர்ந்த பின் பெரும்பாலானோர் ஊரை விட்டு வெளியே போய் உழைக்க வேண்டும். அதற்கு "மெரந்தாவ்" என்று பெயர். இந்தோனேசியாவின் எந்த நகரத்திலும் பாடாங் சாப்பாட்டுக் கடை ஒன்று இருப்பதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். அந்நாட்டின் முதல் துணை ஜனாதிபதி முஹம்மத் ஹத்தாவும் முதல் பிரதமர் சுத்தான் ஷஹ்ரீரும் இந்தச் சமூகத்துப் பிள்ளைகளே.

கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். மரியாதை நிறைய உண்டு, ஆனால் அவன் அங்கே விருந்தாளி. குடும்ப வழி உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது. குடும்ப விவகாரங்களைப் பார்ப்பவர் உம்மாவின் சகோதரர். அவரை "மாமாக்" என்பார்கள். எங்கள் "மாமா" அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது தற்செயலாக இருக்குமோ!

சொத்தை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பல தலைமுறைக்கு முன்னிருந்தே வரும் வயல், வளவு, வீடு ஆகியவை "உயர்ந்த புசாகா". அது தனி ஒருவருக்கும் சொந்தமில்லை. உம்மா வழிக் குடும்பம் முழுவதற்கும் உரியது. அதில் இருந்து உண்பதற்கும் உழுவதற்கும் குடியிருப்பதற்குமான உரிமை பெண்கள் வழியாக இறங்குகிறது. கணவனும் மனைவியும் தம் உழைப்பால் தேடியது "தாழ்ந்த புசாகா". முதல் வகையை விற்க முடியாது. ஈடு வைப்பதற்கே மரபில் நான்கு காரணங்கள்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. வீட்டில் மையித்து இருந்து அடக்கச் செலவுக்குப் பணமில்லாமை, பெரிய வீட்டின் கூரை ஒழுகுதல், வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமலிருத்தல், குடும்பத்தின் தலைமைப் பதவியை மீண்டும் நிலைநிறுத்த வேண்டியிருத்தல். அப்போதும் குடும்பத்தில் எல்லோரும் இணங்க வேண்டும். மருமகனின் வியாபாரம் நொடித்துப்போனது அந்த நான்கில் இல்லை. வான் வாங்குவதும் இல்லை. வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டுவதும் இல்லை.

இந்தச் சிறிய பட்டியலைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன். கணவன் இறந்தாலும் தலாக் சொன்னாலும் ஒரு மினாங்கபாவ் பெண் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் எங்கும் போவதில்லை. பிள்ளைகளின் பாடசாலை மாறுவதில்லை. பாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குபவன் ஆண். அவனுக்கு அது இலகுவா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அவர்களது பழமொழிகளிலேயே மருமகன் எரிந்த மரக்குற்றியின் மேல் படிந்த சாம்பல்போல, ஒரு காற்றடித்தால் பறந்துபோகிறவன் என்று சொல்லப்படுகிறான். அந்த ஆண்களின் மனவருத்தம் தனியே ஒரு கட்டுரைக்குரியது. ஆனால் இரண்டு பேர் பிரியும்போது ஒருவர் வீட்டை விட்டுப் போயே ஆக வேண்டும் என்றால், கையில் பிள்ளை இல்லாதவர் போவது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றப் பாதுகாப்புகளும் இந்த வீட்டைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. முற்றத்தில் நெற்களஞ்சியங்கள் நிற்கும். எங்கள் போடிமார் வளவுகளில் முன்பு இருந்த நெற்பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு. ஒன்றின் நெல் அன்றாடச் சமையலுக்கு. இன்னொன்றின் பெயருக்கு "கடலை எட்டிப் பார்ப்பது" என்று அர்த்தம். அதில் உள்ளதை விற்று, வெளியிலிருந்து வரும் பொருட்களை வாங்குவார்கள். மூன்றாவது, "பசியைத் தாங்குவது". பஞ்சம் வந்தாலொழிய அதைத் திறக்கமாட்டார்கள். விதைநெல்லுக்கென்று சிறிய களஞ்சியம் ஒன்றும் உண்டு. வங்கியும் காப்புறுதியும் எட்டாத மலையில் ஒரு குடும்பம் தன் பசிக்குத் தானே காப்புறுதி எழுதி வைத்திருக்கிறது.

நிலநடுக்கம் அவர்களுக்கு எங்கள் வெள்ளம் மாதிரி, எப்போது வரும் என்றுதான் கேள்வி. பெரிய வீட்டின் மரத்தூண்களை மண்ணில் புதைப்பதில்லை. தட்டையான கற்களின் மேல் நிறுத்தி, ஆணியால் அறையாமல் துளையும் முளையுமாகப் பொருத்துவார்கள். நிலம் அசையும்போது வீடும் சேர்ந்து அசைந்துகொடுக்கும். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி 7.6 அளவிலான நிலநடுக்கம் பாடாங் பகுதியைத் தாக்கியபோது 1100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாடாங் பரியாமான் பகுதியில் மலைச்சரிவு இறங்கிக் குடியிருப்புகளையே மூடியது. நகரத்தில் விழுந்தவற்றில் செங்கல்லும் கொங்கிரீட்டும் அதிகம். மர வீடுகள் பழுதாகாமல் இல்லை. மலையே சரிந்து வரும்போது எந்தத் தூணும் நிற்காது. 2019இல் தெற்கு சோலோக்கிலேயே நிலம் அதிர்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. இருந்தாலும், விறைப்பாக நிற்பதைவிட அசைந்துகொடுப்பது பாதுகாப்பு என்பதைப் பொறியியல் படிக்காத தச்சர்கள் அறிந்திருந்தார்கள்.

இவ்வளவையும் வாசித்த ஒரு மௌலவியாவோ, என் வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் தோழியோ உடனே கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். ஃபராயிழ் எங்கே? வாரிசுரிமையை அல்குர்ஆன் பங்கு பிரித்துச் சொல்லியிருக்க, மகள் வழிக்கு மட்டும் சொத்துப் போவது எப்படி?

இந்தக் கேள்வியை மினாங்கபாவ் ஆலிம்களே எங்களுக்கு வெகு காலம் முன்பு கேட்டுவிட்டார்கள். மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாக இருந்த ஷெய்க் அஹ்மத் கதீப் ஒரு மினாங்கபாவ்காரர். தம் மக்களின் இந்த வழக்கத்தை அவர் மிகக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் கற்ற ஷெய்க் அப்துல் கரீம் அம்ருல்லாஹ் வேறொரு வழியைக் கண்டார். முன்னோரிடமிருந்து வரும் உயர்ந்த புசாகா யாருக்கும் தனிச் சொத்தாக இல்லை. விற்கவோ பிரிக்கவோ முடியாமல் பயனை மட்டும் அனுபவிக்கும் வக்ஃப் போன்றது. எனவே அதில் வாரிசுப் பங்கு எழாது என்பது அவர் கருத்து. 1952இல் புக்கிட்திங்கியில் ஆலிம்களும் குடித் தலைவர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்னோர் சொத்து மரபுப்படி போகட்டும், ஒருவர் தம் வாழ்நாளில் தேடிய சொத்து ஃபராயிழ்படி பங்கிடப்படட்டும். 1968இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கிலும் அதே நிலைப்பாடு உறுதிசெய்யப்பட்டது. அந்த ஷெய்க்கின் மகன்தான் அறிஞர் ஹம்கா. அவருக்கு இந்த மரபோடு கடைசிவரை பிணக்கு இருந்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என்னைக் கவர்ந்தது வேறு. ஒரு சமூகம் தன் பழக்கத்தையும் மார்க்கத்தையும் எதிரெதிரே உட்கார வைத்து, பல தசாப்தங்கள் வாதாடி, எது எதற்கு எங்கே எல்லை என்று தீர்மானித்திருக்கிறது. நாங்கள் எங்கள் வழக்கத்தை அப்படி உட்கார வைத்தோமா?

எங்கள் வழக்கம் என்று சொல்லக் காரணம் உண்டு. மினாங்கபாவ் கதையை வாசிக்கும் கிழக்கிலங்கைப் பிள்ளைக்கு அது அந்நியமாகவே தெரியாது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குத்தான் போகிறான். எங்கள் குடி உம்மா வழியாக வருகிறது. பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவுசெய்யும் வழக்கமும் எங்களிடம் இருந்து வந்தது. உம்மாவும் சாச்சியும் பெரியம்மாவும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பது எங்களுக்குச் சாதாரணம். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து, முஸ்லிம்களும் தமிழர்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழி முறையைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். வெளிமாவட்டத்துத் தோழிகள் "உங்கட ஊரில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வீடு இருக்குமே, கொடுத்து வைத்தவர்கள்" என்பார்கள்.

கொடுத்து வைத்தவர்கள்தானா? எங்கள் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். வாப்பா கட்டாரில் பதினொரு வருடம் இருந்தார். முதல் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு வந்தார், இரண்டாவதுக்கு அத்திவாரம் போட மீண்டும் போனார். எனக்கு நடக்கத் தெரிந்ததையும் தங்கை ஓதத் தொடங்கியதையும் தொலைபேசியில்தான் கேட்டார். இந்த இதழை வாசிக்கும் பல பிள்ளைகளின் வாப்பாமாரும் இப்படித்தான். சில வீடுகளில் காக்காமார் தம் தங்கைகளுக்கு வீடு முடியும் வரை முப்பது வயது தாண்டியும் கல்யாணம் முடிக்காமல் உழைக்கிறார்கள். இதை அன்பு என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்த வீடு எதற்காகக் கட்டப்படுகிறது?

இங்கேதான் எங்களுக்கும் அந்த மலைக்கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அங்கே பெண் பிறக்கும்போதே வீடு இருக்கிறது. யாராவது அவளைக் கல்யாணம் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அது அவள் வீடு. எங்களிடமோ வீடு மாப்பிள்ளையோடுதான் பேச்சுக்கு வருகிறது. "வீடு எப்படி, டைல்ஸ் போட்டதா, மேல்மாடி எடுக்கலாமா, உறுதியில் யார் பேர்" என்று கேட்கப்படுகிறது. பெண்ணின் பாதுகாப்புக்கென்று ஒரு காலத்தில் உண்டான ஏற்பாடு, மாப்பிள்ளைக்குப் போடும் விலையாக மாறிவிட்டது. வீடு முடியாத பெண்ணுக்குப் பாதுகாப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. மஹர் கொடுக்க வேண்டியவர் யார் என்று இஸ்லாம் பாடத்தில் எல்லோரும் சரியாகத்தான் விடை எழுதுகிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாச்சி இருக்கிறார். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் "இரண்டு பேர் பேரிலும் எழுதுங்கள், என்ன பிரிக்கவா போகிறோம்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எழுதினார்கள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு கடை போடுவதற்கென்று வீடு ஈட்டுக்குப் போனது. கடை நட்டம். பிறகு கணவரும் இல்லை, வீடும் இல்லை. தன் வாப்பா வெயிலில் நின்று கட்டிய வீட்டை மற்றவர்கள் வாங்கிப் பூச்சு மாற்றுவதை எதிர்வளவில் வாடகை அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடும்போது என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. அந்த வீட்டைக் காப்பாற்ற மதிலோ கமெராவோ என்ன செய்திருக்கும்?

மினாங்கபாவ் மக்கள் மலக்குகள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கரையோரத்தில் பரியாமான் என்ற பகுதியில் பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்துவரப் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. முன்பு உயர்குடிப் பட்டம் உள்ளவர்களுக்கு என்றிருந்தது, பிறகு படிப்புக்கும் பதவிக்கும் ஏற்பவும் பேசப்படலாயிற்று. வாசித்தபோது எனக்கு எங்கள் கைக்கூலிதான் கண்ணில் தெரிந்தது. மேட்டு நிலத்து ஊர்களில் இந்த வழக்கம் இல்லை. ஆக, வீடு பெண்ணுக்கு இருந்தால் மட்டும் கைக்கூலி ஒழிந்துவிடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. காணி பெண்கள் வழியில் இறங்குகிறது, ஆனால் அதைப் பற்றி வெளியாரிடம் பேசுவதும் கையொப்பம் வைப்பதும் மாமாக்கின் பொறுப்பு. மாமா நல்லவராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பாசாமான் பகுதியில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக ஊர்ப் பொதுக் காணிகள் கம்பனிகளிடம் கைமாறியபோது, பேச்சில் உட்கார்ந்தவர்கள் குடித் தலைவர்களான ஆண்கள். அந்தக் காணிப் பிணக்குகள் பல வருடங்கள் இழுபட்டன. காணிக்கு அரச சான்றிதழ் எடுக்கும்போதும் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. கூட்டாக உரிய காணி ஒருவர் பெயரில் பதிந்துவிட்டால், மரபு மனதில் மட்டும்தான் மிஞ்சும். பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பெரிய வீடுகளும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டன.

இன்று அந்த வீடுகளில் பல வெறுமையாகக் கிடக்கின்றன. பெரும்பாலானோர் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சிறிய கல்வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரு பெரிய வீட்டைத் திருத்தப் பெரும் பணம் வேண்டும். அது பலருக்கு உரியது என்பதால், செலவழிப்பதற்கு ஒருவரும் முன்வராமலும் போகிறது. விற்க முடியாத சொத்தை நம்பி வங்கியும் கடன் தராது. தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இது கைவிலங்கு என்று அங்கேயே சிலர் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் ஒழுங்கைச் சாச்சியைப் பார்த்த எனக்கு, கடன் எடுக்க முடியாத வீடு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரஹ்மா அல்யூனுஸிய்யா 1900இல் பாடாங் பாஞ்சாங்கில் பிறந்தவர். பதினாறு வயதளவில் அவருக்குக் கல்யாணம் நடந்தது, 1922இல் பிரிந்தார். அடுத்த வருடம், 1923 நவம்பரில், பெண்களுக்கென்றே "தீனிய்யா புத்ரி" என்ற மார்க்கப் பாடசாலையைத் தொடங்கினார். 1926 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தது. மூங்கிலால் கொட்டில் போட்டு வகுப்பை நடத்தினார். 1950களில் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் தலைவர் அப்பாடசாலையைப் பார்க்க வந்தார். பின்னர் அல்அஸ்ஹர் ரஹ்மாவுக்கு "ஷெய்கா" என்ற பட்டத்தை வழங்கியது. தீனிய்யா புத்ரி இன்றும் நடக்கிறது. இன்னொருவர் ரோஹானா குத்தூஸ். 1911இல் கோத்தோ கடாங் என்ற ஊரில் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நிலையம் அமைத்தார், மறுவருடம் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். நூறு வருடத்துக்கு முன்பு ஒரு மலைப்பிரதேசத்திலிருந்து இப்படிப்பட்டவர்கள் எப்படி வந்தார்கள்? அவர்களது அறிவும் ஈமானும் முதல் காரணம். எனினும் இருபதுகளின் தொடக்கத்தில் மணவாழ்க்கை முறிந்த ஒரு பெண், "இனி எங்கே இருப்பது" என்று கவலைப்பட வேண்டியில்லாத சமூகத்தில் பிறந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். தலைக்கு மேல் கூரை உறுதியாக இருந்தால்தான் மனம் அடுத்த வேலையைப் பற்றி நினைக்கும்.

பெற்றோர்களிடம் ஒன்றைப் பணிவோடு கேட்கிறேன். எங்களுக்கு வீடு கட்டுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சீதனத்தை ஒழிப்போம் என்ற பேச்சில் சிலர் வீட்டையும் சேர்த்து ஒழிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் கைக்கூலி வேறு வழியில் வரும், எங்களிடம் இருந்த கூரையும் போய்விடும். கட்டுவதென்றால் மகளுக்காகக் கட்டுங்கள். சிறியதாக இருக்கட்டும், டைல்ஸ் வேண்டாம், அதற்காகக் கட்டாரில் இன்னும் மூன்று வருடம் இருக்க வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கும் அநீதி நடக்காதபடி ஆலிம்களிடம் கேட்டு, ஹிபாவாக முறையாகக் கொடுங்கள். உறுதியை அவள் பெயரில் மட்டும் எழுதுங்கள். அதைக் கல்யாணப் பேச்சுக்கு முன்பே எழுதுங்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டாரின் முன்னால் மேசையில் வைக்க வேண்டிய பொருளாக அது இருக்காது. "எங்களில் நம்பிக்கை இல்லையா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு உறுதியில் பெயர் எதற்கு என்று திருப்பிக் கேட்கலாம். மரியாதையாகத்தான்.

என் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களில் எத்தனை பேர் ஒரு காணி உறுதியைக் கையில் எடுத்து முழுவதும் வாசித்திருக்கிறோம்? அது அலுமாரியில் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும், வாப்பாவுக்குத்தான் தெரியும். சுமாத்திராவின் எரிமலைகள் எத்தனை வகை என்று பரீட்சைக்குப் பாடமாக்குகிறோம். நன்கொடை உறுதி எது, அறுதி உறுதி எது, சீவிய உரித்து என்றால் என்ன, கூட்டுப் பெயரில் எழுதினால் என்ன நடக்கும், ஈட்டுக்குக் கையொப்பம் வைத்தால் அதன் பொருள் என்ன என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கள் கல்லூரியில் தொழில் வழிகாட்டல் தினத்துக்கு வங்கியிலிருந்து வருகிறார்கள், தாதியர் வருகிறார்கள், பல்கலைக்கழக அக்காமார் வருகிறார்கள். அடுத்த முறை ஒரு பிரசித்த நொத்தாரிசையும் அழைக்கும்படி மாணவர் மன்றத்திடம் கேட்டிருக்கிறேன். பெண் நொத்தாரிசு கிடைத்தால் இன்னும் நல்லது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை போதும். உம்மாமாரும் வந்து உட்காரலாம். வரும்போது அலுமாரியில் இருக்கும் உறுதியின் போட்டோப் பிரதியையும் கொண்டு வரட்டும்.